‘ஆம்’ என்ற எம்.பி. எதற்கு ஆம் என்றார்?

2024 ஜூன் மாதம். லண்டனில் முதுகலை படிக்கும் என் ஜூனியர் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். அவள் குடியிருக்கும் தொகுதியின் எம்.பி. பெயர், அதன் பக்கத்தில் ‘ஆம்’ என்ற குறிப்பு, மேலே 2013 ஏப்ரல் 16 என்ற தேதி. சாதி பற்றிய ஒரு வாக்கெடுப்பு. கீழே அவள் கேள்வி: “அக்கா, எங்க ஏரியா எம்.பி. சாதிப் பாகுபாட்டுக்கு எதிரா ஆம்னு போட்டிருக்கார். கன்சர்வேட்டிவ்தான், ஆனா இந்த விஷயத்துல நல்லவர் போல. இவருக்கே ஓட்டுப் போடலாமா?”

பிரிட்டனில் வசிக்கும் காமன்வெல்த் நாட்டுக் குடிமக்களுக்கு அந்நாட்டு நாடாளுமன்றத் தேர்தலில் வாக்குரிமை உண்டு. படிக்கப் போன இந்திய மாணவியும் பெயரைப் பதிந்துகொண்டால் வாக்களிக்கலாம். ஜூலை 4 தேர்தல். அவளுக்கு அது விளையாட்டுக் கேள்வி இல்லை.

நான் எழுதினேன்: “அவர் எதற்கு ஆம் என்றார் என்று முதலில் படி.”

அரை மணி நேரம் கழித்துப் பதில் வந்தது. “ஐயோ அக்கா, இது தலைகீழா இருக்கு!”

தலைகீழாகத்தான் இருக்கிறது. அது எப்படி என்று இங்கே சொல்லப் பார்க்கிறேன். மக்கள் பிரதிநிதியின் வாக்குப் பதிவேட்டை வாசிக்கத் தெரிவது சாதி ஒழிப்பு அரசியலில் இருப்பவர்களுக்குத் தேவையான திறமை என்று நினைக்கிறேன். அந்தப் பதிவேடு எதைக் காட்டாது என்பதையும் சேர்த்தே தெரிந்துகொள்ள வேண்டும்.

2010இல் பிரிட்டன் சமத்துவச் சட்டம் இயற்றியது. நிறம், தேசிய இனம், இனத் தோற்றம் ஆகியவற்றின் பெயரால் பாகுபாடு காட்டுவது சட்டவிரோதமென ஆக்கிய இனப் பிரிவில் சாதி சேர்க்கப்படவில்லை. ‘அமைச்சர் விரும்பினால் ஆணை மூலம் சேர்க்கலாம்’ என்று ஒரு வரி மட்டும் இருந்தது. அதே ஆண்டு டிசம்பரில், அரசே கேட்டுப் பெற்ற ஆய்வறிக்கை ஒன்று வந்தது. வேலையிடத்திலும் சேவைகள் பெறுவதிலும் சாதிப் பாகுபாடும் சீண்டலும் நடப்பதற்குச் சான்றுகள் இருப்பதாக அது சொன்னது. அமைச்சர் விரும்பவில்லை. வரி அப்படியே கிடந்தது.

2013 மார்ச் 4 அன்று பிரபுக்கள் அவை இதில் தலையிட்டது. ஆக்ஸ்ஃபோர்டு முன்னாள் பிஷப்பான ஹாரிஸ் பிரபு ஒரு திருத்தம் கொண்டுவந்தார். 256க்கு 153 என்று அது நிறைவேறியது. மசோதா காமன்ஸ் அவைக்குத் திரும்பியது. அன்று ஆட்சியில் இருந்தது கன்சர்வேட்டிவ், லிபரல் டெமாக்ரட் கூட்டணி. சட்டம் வேண்டாம், விழிப்புணர்வுக் கல்வி போதும் என்பது அரசின் நிலைப்பாடு. ஏப்ரல் 16 அன்று அரசு வைத்த தீர்மானத்தின் சாரம் இதுதான்: பிரபுக்கள் அவையின் திருத்தத்துடன் இந்த அவை உடன்படவில்லை.

இந்தத் தீர்மானத்துக்கு ஆம் என்றால் சாதிப் பாகுபாட்டுக்கு எதிரான சட்டப் பாதுகாப்பு வேண்டாம் என்று பொருள். இல்லை என்றால் வேண்டும் என்று பொருள். ஆம் 307, இல்லை 243. என் ஜூனியரின் எம்.பி. அந்த 307 பேரில் ஒருவர்.

ஆகவே முதல் பாடம், வாக்கைப் பார்க்கும் முன் தீர்மானத்தின் வாசகத்தைப் படிப்பது. ‘சாதி’ என்ற தலைப்பும் ‘ஆம்’ என்ற சொல்லும் அருகருகே இருப்பதால் மட்டும் ஒருவர் நம் பக்கம் ஆகிவிட மாட்டார்.

வெட்கத்தோடு ஒன்றைக் கவனிக்க வேண்டும். யாரும் ஓட்டுப் போட்டு அனுப்பாத பிரபுக்கள் அவை தலித்துகளின் பக்கம் நின்றது. மக்கள் தேர்ந்தெடுத்த அவை எதிர்ப்பக்கம் நின்றது. ஏப்ரல் 22 அன்று பிரபுக்கள் அவை மறுபடியும் 181க்கு 168 என்று தன் நிலையில் உறுதியாக நின்ற பிறகுதான் அரசு இறங்கி வந்தது. ‘அமைச்சர் சேர்க்கலாம்’ என்பது ‘அமைச்சர் சேர்க்க வேண்டும்’ என்று மாறியது. அந்த ஒரு சொல் மாற்றத்துக்காக பிரிட்டனின் தலித் அமைப்புகள் பல ஆண்டுகள் உழைத்திருந்தன.

இனி அந்தப் பட்டியலைப் பற்றி. காமன்ஸ் அவையில் வாக்கெடுப்பு என்றால் மணி அடிக்கும். எட்டு நிமிடத்தில் உறுப்பினர்கள் வந்து சேர வேண்டும். பிறகு கதவு பூட்டப்படும். ஆம் என்பவர்கள் ஒரு கூடத்தின் வழியாகவும் இல்லை என்பவர்கள் இன்னொரு கூடத்தின் வழியாகவும் நடந்து போகிறார்கள். யார் எந்தப் பக்கம் நடந்தார்கள் என்ற பெயர்ப் பட்டியலை 1836 முதல் அவையே வெளியிடுகிறது. அவை நடவடிக்கைக் குறிப்பான ஹான்சார்டில் அது இருக்கும். 2004இல் தன்னார்வலர்கள் தொடங்கிய ‘தே வொர்க் ஃபார் யூ’ என்ற தளம் இவற்றையெல்லாம் எம்.பி. வாரியாகப் பிரித்துத் தருகிறது. தொகுதியின் அஞ்சல் குறியீட்டைத் தட்டினால் உங்கள் எம்.பி.யின் வாக்குகள், பேச்சுகள், எழுத்துமூலம் கேட்ட கேள்விகள் எல்லாம் கைபேசித் திரையில் வந்து நிற்கும்.

இது பெரிய வசதி. ஆனால் எண்களை மட்டும் நம்பினால் ஏமாந்து போவோம். அமைச்சராக இருப்பவர் சக அமைச்சரிடம் கேள்வி கேட்பதில்லை. அவர் கணக்கு பூஜ்யமாகத்தான் இருக்கும். சபாநாயகர் வாக்களிப்பதில்லை. ஷின் ஃபெய்ன் உறுப்பினர்கள் கொள்கைப்படி அவைக்கே வருவதில்லை. கேள்விகளின் எண்ணிக்கை வெளியே தெரியத் தொடங்கியதும், எண் ஏறுவதற்காகவே சிலர் எழுந்து பேசுகிறார்கள் என்ற குற்றச்சாட்டும் வந்தது. நூறு கேள்வி கேட்டவர் உழைப்பாளி, பத்து கேள்வி கேட்டவர் சோம்பேறி என்று சொல்லிவிட முடியாது.

2013 ஏப்ரல் 16க்கே வருவோம். 307ஐயும் 243ஐயும் கூட்டினால் 550. அவையில் இருக்கும் இடங்கள் 650. வாக்கு எண்ணும் நான்கு பேர், சபாநாயகர், துணைச் சபாநாயகர்கள், ஷின் ஃபெய்ன்காரர்கள் ஆகியோரைக் கழித்தாலும் மிச்சம் இருப்பவர்கள் ஏராளம். அவர்களில் நோயாளிகள் இருக்கலாம், வெளியூரில் இருந்தவர்கள் இருக்கலாம், கட்சிக்கும் மனசாட்சிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு தேநீர் குடிக்கப் போனவர்களும் இருக்கலாம். பட்டியல் அதைப் பிரித்துச் சொல்லாது.

இதைவிடப் பெரிய வெற்றிடம் 2013க்குப் பிறகு வருகிறது. சட்டம் ‘வேண்டும்’ என்று சொல்லிவிட்டது. ஆனாலும் ஆணை வரவில்லை. 2014 டிசம்பரில் வேலைவாய்ப்பு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், சில சூழல்களில் சாதி என்பது ‘இனத் தோற்றம்’ என்பதற்குள் அடங்கலாம் என்றது. பிகாரிலிருந்து வீட்டு வேலைக்கு அழைத்துப் போகப்பட்ட ஓர் ஆதிவாசிப் பெண் தொடுத்த வழக்கு அது. அடுத்த ஆண்டு அவருக்கு 1,80,000 பவுண்டுக்கு மேல் சம்பள பாக்கி வழங்கத் தீர்ப்பானது. 2017 மார்ச்சில் அரசு கருத்துக்கேட்பு தொடங்கியது. 16,000க்கும் மேற்பட்ட பதில்கள் வந்தன. 2018 ஜூலையில் அரசு எழுத்துமூல அறிக்கை ஒன்றை வைத்தது: ஆணை போட மாட்டோம், அந்தக் கடமையையே சட்டத்திலிருந்து நீக்க விரும்புகிறோம், நீதிமன்றத் தீர்ப்புகளே போதும்.

தீர்ப்பு போதும் என்றால் என்ன பொருள்? பாதிக்கப்பட்ட ஒவ்வொருவரும் தன் சாதி ‘இனத் தோற்றத்துக்குள்’ அடங்குமா என்று தனித்தனியாக வாதாட வேண்டும். உணவக சமையலறையில் பாத்திரம் கழுவுகிறவர் எந்த வக்கீலைப் பிடிப்பார்?

கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி: இந்தக் கைவிடலுக்கு எந்த எம்.பி. ஆம் என்றார்? யாரும் இல்லை. ஏனென்றால் எழுத்துமூல அறிக்கைக்கு வாக்கெடுப்பு கிடையாது. மணி அடிக்கவில்லை, கதவு பூட்டப்படவில்லை, யாரும் எந்தக் கூடத்திலும் நடக்கவில்லை. நாடாளுமன்றம் இட்ட ஒரு கடமையை ஐந்து ஆண்டுகள் கிடப்பில் போட்டு, ஒரு அறிக்கையில் கைகழுவினார்கள். எந்த எம்.பி.யின் வாக்குப் பதிவேட்டிலும் அதன் தடம் இல்லை.

நமக்கு இது புதிதல்ல. அண்ணல் அம்பேத்கரின் இந்து சட்டத் தொகுப்பு மசோதா வாக்கெடுப்பில் தோற்கவில்லை. இழுத்தடித்து இழுத்தடித்துக் கைவிடப்பட்டது. 1951 செப்டம்பரில் அவர் அமைச்சர் பதவியை விட்டு விலகியதற்கு அது ஒரு முக்கியக் காரணம். சமத்துவத்துக்கு எதிராகப் பகிரங்கமாக வாக்களிக்கச் சிலருக்குக் கூச்சம் இருக்கும். தள்ளிப்போடுவதற்கு அந்தக் கூச்சம் தேவைப்படுவதில்லை.

அதனால் என் ஜூனியரிடம் சொன்னேன்: 2013இல் என்ன செய்தார் என்பதோடு நிறுத்தாதே, 2013க்குப் பிறகு என்ன செய்யவில்லை என்று தேடு. ஆணை எங்கே என்று ஒரு எழுத்துமூலக் கேள்வியாவது கேட்டாரா? விவாதத்துக்கு வராவிட்டாலும் கையெழுத்துச் சேரும் ‘ஏர்லி டே மோஷன்’ எதிலாவது பெயர் இருக்கிறதா? எந்தெந்த அனைத்துக் கட்சிக் குழுக்களில் பொறுப்பு வகிக்கிறார்? நலன்கள் பதிவேட்டில் யார் செலவில் எங்கே பயணம் போனார் என்று இருக்கிறது? இவையும் பொதுப் பதிவுகள்தான். இரண்டு இரவு உட்கார்ந்து தேடினாள். ‘சாதி’ என்ற சொல் அவர் வாயிலிருந்து ஒரு முறைகூட வந்ததாகக் கிடைக்கவில்லை.

அடுத்து அவள் கேட்டது என்னைத் திணறடித்தது. “அக்கா, நம்ம ஊர் எம்.பி.க்கு இதே மாதிரி பாக்கலாமா?”

ஓரளவுதான் பார்க்கலாம். வருகை, கேள்விகள், விவாதப் பங்கேற்பு ஆகியவற்றை பி.ஆர்.எஸ். நிறுவனம் தொகுத்துத் தருகிறது. ஆனால் வாக்கு? பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறுகின்றன. யார் குரல் ‘ஆம்’ என்றது என்று எந்த ஏட்டிலும் இல்லை. 2020 செப்டம்பர் 20 அன்று, எண்ணிக்கை வாக்கெடுப்பு வேண்டும் என்று எதிர்க்கட்சிகள் கேட்ட பிறகும், மாநிலங்களவையில் வேளாண் மசோதாக்கள் குரல் வாக்கில்தான் நிறைவேறின. அரசமைப்புத் திருத்தம் என்றால் மட்டும் எண்ணியாக வேண்டும். அதனால்தான் 2019 ஜனவரியில் உயர்சாதி ஏழைகளுக்கான 10 விழுக்காடு இடஒதுக்கீட்டை மக்களவையில் 3 பேரும் மாநிலங்களவையில் 7 பேரும் எதிர்த்து வாக்களித்தார்கள் என்று இன்றும் சொல்ல முடிகிறது. மக்களவையில் எதிர்த்துப் பேசிய அ.தி.மு.க.வினர் வாக்களிக்காமல் வெளிநடப்புச் செய்தார்கள். அவர்களின் எதிர்ப்பு அந்த மூன்றுக்குள் இல்லை.

கொறடா அங்கேயும் உண்டு. 2024 ஜூலையில் இரண்டு குழந்தை உதவித்தொகை வரம்புக்கு எதிராக வாக்களித்த 7 பேரை தொழிற்கட்சி தன் நாடாளுமன்றக் குழுவிலிருந்து இடைநீக்கம் செய்தது. ஆனால் அவர்களின் எம்.பி. பதவி போகவில்லை. இங்கே 1985இல் வந்த பத்தாவது அட்டவணைப்படி, கொறடா உத்தரவை மீறினால் பதவியே போகலாம்.

இதற்கு நேர் எதிரான நிலை வாக்குச்சாவடியில் இருக்கிறது. நம் எம்.பி.யின் வாக்கு நமக்குத் தெரியாது. ஆனால் நம் வாக்கு ஆதிக்கச் சாதிக்காரருக்குத் தெரியும். சாவடி வாரியாக முடிவு வெளியாவதால், சேரி மக்கள் வாக்களித்த சாவடியில் எந்தச் சின்னத்துக்கு எவ்வளவு விழுந்தது என்று ஊரே பார்க்கும். தேர்தல் முடிந்த மறுவாரம் வேலை கொடுக்காமல் நிறுத்தவும் தண்ணீரை அடைக்கவும் அந்தக் கணக்கு போதும். பல சாவடிகளின் வாக்குகளைக் கலந்து எண்ணும் ‘டோட்டலைசர்’ கருவியைத் தேர்தல் ஆணையமே முன்மொழிந்தது. அது இன்னும் நடைமுறைக்கு வரவில்லை.

வாக்காளருக்கு ரகசியம், பிரதிநிதிக்கு வெளிச்சம். பிரிட்டன் பிரதிநிதியின் வாக்கை 1836இல் வெளியே கொண்டுவந்தது; வாக்காளரின் ரகசியத்தை 1872இல் சட்டமாக்கியது. பலவீனமானவருக்கு மறைவும் பலமுள்ளவருக்குக் கண்காணிப்பும் வேண்டும் என்பதே அதன் நியாயம். நாம் பாதியைத் தலைகீழாக வைத்திருக்கிறோம்.

அதனால் இரண்டு கோரிக்கைகளை நம் மேடைகளில் சேர்த்துப் பேச வேண்டும். ஒன்று, நாடாளுமன்றத்திலும் சட்டமன்றத்திலும் ஒவ்வொரு மசோதாவுக்கும் பெயர் வாரியான வாக்குப் பதிவு. இரண்டு, சாவடி முடிவுகளைக் கலந்து எண்ணும் முறை. இவை சாதியை ஒழித்துவிடும் என்று சொல்ல மாட்டேன். பிரிட்டனின் கதையே அதற்குச் சான்று. ஆனால் அங்கே 307 பேரின் பெயர் நம்மிடம் இருக்கிறது. பதினோரு ஆண்டு கழித்தும் ஒரு மாணவி அதில் ஒருவரைப் பிடித்துக் கேள்வி கேட்க முடிந்தது.

அவள் கேட்டாள். தன் தொகுதி வேட்பாளர்கள் அனைவருக்கும் கடிதம் எழுதினாள். 2013இன் கடமையை நிறைவேற்றச் சொல்லி அவையில் குரல் கொடுப்பீர்களா, ஆமா இல்லையா என்று ஒரே கேள்வி. இரண்டு பேர் பதில் போட்டார்கள். அந்த எம்.பி. போடவில்லை. ஜூலை 4 அன்று அவள் வரிசையில் நின்று வாக்களித்தாள். யாருக்குப் போட்டாய் என்று நான் கேட்கவில்லை. அது அவள் ரகசியம்.