ஏறு, இல்லையேல் இறங்கு!

கதை எழுதுகிறவனுக்குக் கடற்படை அதிகாரிகளின் பதவி உயர்வைப் பற்றி என்ன அக்கறை என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பரிசலைவிடப் பெரிய கலத்தில் நான் ஏறியதில்லை. ஆனால் பதவி ஒரு மனிதனை என்ன செய்கிறது என்பது கதாசிரியனின் விஷயமுங்கூட. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

இந்த விவகாரத்தைக் கிளப்பிவிட்டவர் என்னோடு மாலையில் உலாவ வரும் நண்பர். கடற்படையில் பல ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவர். "ஸார், நம்ம ஊரில் மேல் பதவிக்கு வேண்டாம் என்று ஒதுக்கப்பட்ட அதிகாரிகூட, ஓய்வு வயது வரைக்கும் நாற்காலியைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். அமெரிக்காக்காரனைப் பாருங்கள். ஏறு, இல்லையேல் இறங்கு! அவ்வளவுதான். அதனால்தான் அவன் கடற்படை அப்படி இருக்கிறது" என்றார்.

அன்று நான் பதில் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்தேன். அவர் சொன்னதில் பாதி உண்மை. முழுப் பொய்யை மறுப்பது சுலபம். பாதி உண்மையோடு மல்லுக்கு நிற்பதுதான் கஷ்டம்.

முதலில் அந்தப் பாதியை ஒப்புக்கொண்டு விடுகிறேன். பழைய பிரிட்டிஷ் கடற்படையில் ஒருவர் காப்டன் பட்டியலில் இடம் பிடித்துவிட்டால், அப்புறம் அட்மிரலாவதற்குத் திறமை வேண்டாம், ஆயுள் இருந்தால் போதும். மேலே இருப்பவர் செத்தால் கீழே இருப்பவர் ஒரு படி ஏறுவார். பெரிய யுத்தமோ கொள்ளைநோயோ வரட்டும் என்று அந்த அதிகாரிகள் மதுக்கிண்ணத்தை உயர்த்தி வாழ்த்துச் சொல்லிக் குடிப்பது வழக்கமாம். பக்கத்து அறைக்காரன் செத்தால்தான் தனக்குப் பதவி என்றால், மனிதன் வேறு எதற்குப் பிரார்த்திப்பான்?

ப்ரோவோ வாலிஸ் என்று ஒருவர். 1791-ல் பிறந்தவர். நாலு வயதிலேயே கப்பல் கணக்கில் அவர் பெயரைத் தகப்பனார் எழுதி வைத்துவிட்டார். 1813-ல் ஷானன் என்ற கப்பல் அமெரிக்கக் கப்பலொன்றைப் பிடித்த சண்டையில் காப்டன் படுகாயமுற்றார்; அடுத்தவர் மாண்டார்; எனவே வாலிஸ் சில நாட்கள் கப்பலுக்குத் தலைமை தாங்கினார். பிரெஞ்சு யுத்த காலத்தில் கப்பலுக்குத் தலைமை தாங்கியவர்கள் ஆயுள் முழுவதும் பணிப் பட்டியலில் இருக்கலாம் என்று 1870-ல் ஒரு விதி வந்தது. அந்தச் சில நாள் தயவில், 1892-ல் தம் நூறாவது வயதில் கண்மூடும்வரை அவர் சேவையிலிருக்கும் அதிகாரி! அவர் கடைசியாகக் கடலில் கட்டளையிட்டு முப்பது வருஷங்களுக்கு மேல் ஆகியிருந்தது.

அமெரிக்காவிலும் உள்நாட்டு யுத்தத்துக்குப் பிறகு இதே தேக்கந்தான். இதைக் கலைக்க 1899-ல் ஒரு சட்டம் செய்தார்கள். ஆண்டுதோறும் ஒரு குழு கூடித் தோட்டத்தில் களை பிடுங்குவதைப் போல அதிகாரிகளைப் பிடுங்கி எறிந்தது. பிடுங்கும் குழு என்றே அதற்குப் பெயர் வந்தது. மனம் கசந்து 1915-ல் அதை ஒழித்தார்கள். 1916-ல் தேர்வு முறை வந்தது: அட்மிரல்கள் கூடித் தகுந்தவரைப் பொறுக்குவார்கள்; 56 வயதுக்குள் பொறுக்கப்படாத காப்டன், 50 வயதுக்குள் பொறுக்கப்படாத கமாண்டர் வீட்டுக்குப் போகவேண்டும். 1980-ல் வந்த சட்டம் இந்த ஏற்பாட்டை முப்படைக்கும் பொதுவாக இறுக்கியது. இளம் அதிகாரி இரண்டு முறை தேர்வில் நழுவினால், பெரும்பாலும் மூட்டை கட்ட வேண்டியதுதான். கமாண்டருக்கு 28 ஆண்டு, காப்டனுக்கு 30 ஆண்டு சேவை எல்லை.

ஆக, கிழடு தட்டிய பட்டியலுக்கு மருந்தாக வந்தது இந்த விதி. மருந்து வேண்டியதுதான். ஆனால் அது யாரை வெளியே தள்ளப் பார்த்தது என்று கேளுங்கள்.

ஹைமன் ரிக்கோவர் என்ற காப்டன், அணுசக்தியால் ஓடும் நீர்மூழ்கிக் கப்பலைக் கட்டிக்கொண்டிருந்தார். கடுகடுப்பான மனிதர், மேலதிகாரிகளுக்குச் சலாம் போடத் தெரியாதவர். 1951-ல் தேர்வுக் குழு அவரை ஒதுக்கியது. 1952 ஜூனில் அந்தக் கப்பலான நாட்டிலஸுக்கு ஜனாதிபதி ட்ரூமனே வந்து அடித்தளமிட்டார். அடுத்த மாதமே குழு மறுபடியும் ரிக்கோவரை ஒதுக்கியது! விதிப்படி 1953-ல் அவர் வெளியேற வேண்டும். பத்திரிகைகள் கூச்சலிட்டன; அமெரிக்க செனட் சபை மற்ற அதிகாரிகளின் பதவி உயர்வுகளையே நிறுத்தி வைத்தது. பிறகுதான் அணு எந்திர அனுபவமுள்ள ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று தனிக் கட்டளை போட்டு, அவரை ரியர் அட்மிரலாக்கினார்கள். 1955 ஜனவரியில் நாட்டிலஸ் அணுசக்தியில் ஓடியது.

"பார்த்தீர்களா, கடைசியில் நியாயம் கிடைத்ததல்லவா?" என்பார் நண்பர். இல்லை. கிடைத்தது சலுகை. செனட் சபையின் காதுக்கு எட்டாத ரிக்கோவர்கள் எத்தனை பேர் பேசாமல் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுப் போனார்களோ? இன்னொரு வேடிக்கை: ஒருமுறை விதியை உடைத்து உள்ளே வைத்த மனிதரை வெளியே அனுப்பவும் யாருக்கும் துணிவில்லை. 1982-ல் 82 வயதில்தான் ரிக்கோவர் ஓய்வு பெற்றார். வாலிஸைத் தடுக்கப் பிறந்த விதி, இன்னொரு வாலிஸை உண்டாக்கிவிட்டது!

தேர்வுக் குழுவுக்கு அதிகாரியைத் தெரியாது. அவரைப் பற்றிய காகிதத்தைத்தான் தெரியும். அந்தக் காகிதத்தை எழுதுகிறவர் மேலதிகாரி. ஆல்ஃபிரட் மஹான் என்ற காப்டன், கடலாதிக்கம் சரித்திரத்தை எப்படி ஆட்டிவைத்தது என்று 1890-ல் ஒரு புத்தகம் எழுதினார். உலகத்துக் கடற்படைகளெல்லாம் அதைப் பாடம் படித்தன. அவருடைய மேலிடமோ, புத்தகம் எழுதுவது கடற்படை அதிகாரியின் வேலையல்ல என்று சொல்லி 1893-ல் அவரைக் கப்பலேற்றி அனுப்பியது. கப்பலில் இருந்த அட்மிரல் அவரைப் பற்றிக் குறைகூறி அறிக்கை எழுதினார். 1894-ல் ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் அதே மனிதருக்குக் கௌரவப் பட்டம் அளித்தன. எழுதுகிறவனாகிய எனக்கு இதைப் படித்தபோது கோபம் வராமல் என்ன செய்யும்?

காகிதத்துக்கு அஞ்சும் மனிதன் காகிதத்துக்காகவே வாழ்வான். இந்தப் பதவியில் ஒன்றரை வருஷம், அந்தப் பதவியில் ஒன்றரை வருஷம் என்று படிகளைத் தொட்டுத் தொட்டு ஓடுவான். கப்பலோட்டும் கலையில் ஊறி நிற்க அவனுக்கு நேரமேது? அமெரிக்காவில் மேற்பரப்புக் கப்பல்களின் அதிகாரி எந்திரம், ஆயுதம், வழி நடத்தல் என்று எல்லாவற்றிலும் மாறி மாறி இருந்தாக வேண்டும். புதிதாக வருபவர்களுக்குக் கரையில் நடந்த பல வார வகுப்பை 2003-ல் எடுத்துவிட்டு, குறுந்தகடுகளைக் கொடுத்துக் கப்பலில் படித்துக்கொள்ளச் சொன்னார்கள். 2017 ஜூனில் ஜப்பானுக்கு அருகே ஃபிட்ஸ்ஜெரால்ட் கப்பல் மோதி 7 பேர் மாண்டார்கள். ஆகஸ்டில் சிங்கப்பூருக்கு அருகே ஜான் மக்கெயின் கப்பல் மோதி 10 பேர் மாண்டார்கள். போரில்லை, புயலில்லை. போதாத பயிற்சியும் போதாத உறக்கமும் காரணங்களில் சேர்ந்தவை என்று விசாரணைகள் கண்டன. பதவி ஏணிதான் அந்தப் பதினேழு பேரைக் கொன்றது என்று நான் சொல்லவில்லை. ஆனால், அனுபவத்தை அலட்சியம் செய்யும் மனோபாவம் ஏணியிலும் இருக்கிறது, அந்தக் குறுந்தகட்டிலும் இருக்கிறது.

கல்யாண வீட்டில் நூறு இலைக்குக் கைப்பதத்தில் உப்புப் போடுகிற சமையற்காரரை, "இரண்டு வருஷத்தில் காண்ட்ராக்டராகு, இல்லையேல் கரண்டியைக் கீழே வை" என்று எந்த வீட்டுக்காரராவது சொல்வாரா? சொன்னால் பந்தியில் உட்கார்ந்தவர்கள் கதி என்ன? எல்லாரும் தளபதியாக முடியாது, ஆகவும் வேண்டாம். இருட்டில், நெரிசலான கடலில், கப்பலைக் கரை சேர்க்கத் தெரிந்த நாற்பத்தைந்து வயதுக் கமாண்டர் கமாண்டராகவே இருந்துவிட்டால் நாட்டுக்கு என்ன நஷ்டம்?

"கிழடுகள் தேங்கிவிடுமே!" என்பது நண்பரின் கடைசி ஆயுதம். தேங்கட்டும் என்று நானும் சொல்லவில்லை. வயதுக்கு எல்லை வையுங்கள். உடலையும் கண்ணையும் தொழிலையும் ஆண்டுதோறும் சோதியுங்கள். தேறாதவரை அனுப்புங்கள். ஆனால் 'வேலைக்கு லாயக்கில்லை' என்பதும், 'மேல் வேலைக்குத் தேர்ந்தெடுக்கப்படவில்லை' என்பதும் ஒன்றல்ல. இரண்டையும் ஒன்றாக்கியதுதான் அந்த விதி செய்த அநியாயம்.

அமெரிக்கர்களே இதைக் கொஞ்சம் உணர்ந்திருக்கிறார்கள். 2018-ல் அவர்கள் செய்த சட்டம், அதிகாரி தன் தொழிலில் இன்னும் கொஞ்சம் பழகுவதற்காகத் தேர்வைத் தள்ளிப் போட அனுமதித்தது. வேறுவகைப் பதவி உயர்வு முறைக்கும் வழி திறந்தது. நூறு ஆண்டுகள் கட்டியாண்ட விதியை அவர்கள் தளர்த்தத் தொடங்கிய பிறகு, நாம் அதை இரவல் வாங்க ஆசைப்படுவானேன்?

நண்பரே, ஏணி வேண்டியதுதான். ஆனால் கப்பல் ஏணியின்மேல் மிதப்பதில்லை.