கையெழுத்து போடுவதா வழிகாட்டி வேலை?

கடைசி செமஸ்டர் வந்துவிட்டால் கல்லூரி வாசல் ஜெராக்ஸ் கடைக்காரருக்குத்தான் கொண்டாட்டம். 'புராஜெக்ட் பைண்டிங் செய்து தரப்படும்' என்று போர்டு தொங்கும். சில கடைகளில் பைண்டிங்கோடு உள்ளே இருக்கும் புராஜெக்ட்டும் சேர்ந்தே கிடைக்கும்! உளவியல் மாணவர்களும் இதற்கு விதிவிலக்கல்ல. ஹாஸ்டலில் 30 ஆண், 30 பெண், இணையத்தில் எடுத்த ஒரு வினாத்தாள், ஒரு டி-டெஸ்ட். 'இரு பாலருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை' என்று ஒரு வரி. வழிகாட்டி கையெழுத்து போடுவார், வைவா முடியும், புத்தகம் பீரோவுக்குப் போய்விடும்.

2022 டிசம்பரில் யுஜிசி வெளியிட்ட நான்காண்டுப் பட்டத் திட்டத்தில், முதல் ஆறு செமஸ்டரில் 75 சதவீதம் எடுத்தவர்கள் நான்காம் ஆண்டில் ஆய்வேடு எழுதி 'ஹானர்ஸ் வித் ரிசர்ச்' வாங்கலாம். ஆய்வேட்டுக்கு மட்டும் 12 கிரெடிட். தமிழ்நாட்டில் பெரும்பாலும் மூன்றாண்டுப் பட்டம்தான். ஆண்டு மூன்றோ நான்கோ, வழிகாட்டுபவர் என்ன செய்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஆண்டிபட்டியிலிருந்து மதுரைக்குப் போய் உளவியல் படிக்கும் ஒரு மாணவியை நினைத்துக்கொள்ளுங்கள். வீடு சக்கம்பட்டியில். பக்கத்தில் டி.சுப்புலாபுரம். இரண்டுமே தறிச் சத்தத்தில் எழுந்து தறிச் சத்தத்தில் தூங்கும் ஊர்கள். அவர் கொண்டுவரும் தலைப்பு 'தேனி மாவட்ட விசைத்தறித் தொழிலாளர்களின் மனநலம்' என்றிருந்தால், அது பத்துப் பேர் பத்து வருடம் செய்ய வேண்டிய வேலை. அதை 'இரவு ஷிப்ட் பார்ப்பவர்களின் தூக்கம்' என்று சுருக்க வைப்பதே வழிகாட்டியின் முதல் வேலை. 'தறியை விடும்மா, ஹாஸ்டலிலேயே எடுத்துவிடு' என்று சொல்வது அல்ல.

ஏனென்றால் உளவியலுக்கே பெரிய பஞ்சம் இந்தத் தறித் தெருக்கள்தான். 2010-இல் ஜோசப் ஹென்ரிக்கும் இருவரும் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை ஒரு கணக்கைக் காட்டியது. முன்னணி உளவியல் இதழ்களின் ஆய்வுகளில் பங்கேற்றவர்களில் 96 சதவீதம் பேர், உலக மக்கள்தொகையில் 12 சதவீதமே உள்ள நாடுகளைச் சேர்ந்தவர்கள். அதிலும் கல்லூரி மாணவர்களே அதிகம். மதுரை ஹாஸ்டலில் 60 பேரைப் பிடிப்பது அதே தவறை இன்னொரு முறை செய்வதுதான்.

அடுத்த சிக்கல் மொழி. ஆங்கில வினாத்தாளைத் தமிழாக்கினால் 'டிப்ரஷனும்' மன அழுத்தம், 'ஸ்ட்ரெஸ்ஸும்' மன அழுத்தம் என்று ஆகிவிடுகிறது. (மனச்சோர்வு என்ற நல்ல சொல் பாடப் புத்தகத்திலேயே படுத்துக் கிடக்கிறது.) தறிக்காரரிடம் இரண்டுமே செல்லாது. அவர் 'மனசு சரியில்ல', 'ஒண்ணும் ஓடல', 'நெஞ்சு படபடங்குது' என்றுதான் சொல்வார். ஆகவே தமிழாக்கியதை வேறொருவரிடம் கொடுத்துத் திரும்ப ஆங்கிலமாக்கச் சொல்லி ஒப்பிட வேண்டும். அப்புறம் தெருவில் ஐந்து பேரிடம் வாசித்துக் காட்ட வேண்டும். இதற்கே ஒரு மாதம் போகும். வழிகாட்டி அந்த ஒரு மாதத்தைக் கொடுக்க வேண்டும்.

இதையெல்லாம் விடப் பெரியது ஒன்று உண்டு. மனச்சோர்வை அளக்க உலகமெங்கும் பயன்படும் பி.எச்.கியூ-9 என்ற வினாத்தாள் 2001-இல் வந்தது. ஒன்பதே கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். இலவசம் என்பதால் மாணவர்களுக்குப் பிரியமானது. அதன் ஒன்பதாவது கேள்வி, கடந்த இரண்டு வாரங்களில் செத்துப்போனால் தேவலை என்றோ, தன்னைக் காயப்படுத்திக்கொள்ளவோ தோன்றியதா என்று கேட்கிறது. தறி முன் நிற்கும் ஒரு அக்கா, அதற்கு 'கிட்டத்தட்ட தினமும்' என்று சொன்னால் இருபது வயது மாணவி என்ன செய்வார்? டிக் அடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவாரா?

பல ஆய்வேடுகளில் நடப்பது அதுதான். அந்த '3' எக்செல் கட்டத்தில் போய் உட்கார்ந்து, சராசரியில் கரைந்துவிடும். கல்லூரி நெறிமுறைக் குழு கேட்காவிட்டாலும், முதல் தாள் நிரப்பப்படுவதற்கு முன் வழிகாட்டி இதற்கு வழி சொல்லியிருக்க வேண்டும். ஆண்டிபட்டிக்காரர்களுக்குத் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை க.விலக்கில்தான் இருக்கிறது, மனநலப் பிரிவும் உண்டு. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் 14416 எண்ணில் தமிழிலேயே பேசலாம். அன்றே வழிகாட்டிக்குப் போன் செய்து, அந்த அக்காவை உதவியோடு சேர்த்துவிடும் தைரியம் மாணவிக்கு வேண்டும். அவ்வளவு பொறுப்பு முடியாது என்றால் அந்த வினாத்தாளே வேண்டாம், தூக்கத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். அதுவும் நல்ல வழிகாட்டல்தான்.

சொந்த ஊரில் ஆய்வு செய்வதில் இன்னொரு வம்பும் உண்டு. எல்லோரும் மாமா, மதினி. 'நம்ம புள்ள படிக்குது, நீயே நல்லதாப் போட்டுக்கம்மா' என்பார்கள். தறி முதலாளி பக்கத்தில் நின்றால் எல்லோரும் நன்றாகத் தூங்குவதாகவே பதில் வரும்!

இதெல்லாம் மதுரையில் உட்கார்ந்து கையெழுத்து போடும்போது தெரியாது. கணக்குத் தணிக்கைக்கு வருபவர் எல்லா வவுச்சரையும் பார்ப்பதில்லை, கட்டிலிருந்து பத்தை உருவிப் பார்ப்பார். வழிகாட்டியும் வினாத்தாள் கட்டிலிருந்து பத்தை உருவி, 'இது எங்கே வைத்துக் கேட்டது? யார் கூட இருந்தார்கள்?' என்று கேட்கலாம். முடிந்தால் ஒரு சனிக்கிழமை மாணவியோடு பஸ் ஏறி, ஆண்டிபட்டி கணவாயைத் தாண்டி ஒரு நடை போய் வரலாம்.