மடங்கும் துவிச்சக்கரவண்டி

இலண்டன் மாநகரின் நிலக்கீழ்ப் புகையிரதங்களிற் சனநெரிசல் மிக்க காலை மாலை வேளைகளிற் சாதாரண துவிச்சக்கரவண்டிக்கு இடமில்லை. மடித்த வண்டிக்கோ எந்நேரமும் இடமுண்டு. 1975ஆம் ஆண்டில் அன்ட்ரூ றிச்சி என்னும் பொறியியலாளர் அந்நகரில் வடிவமைக்கத் தொடங்கிய 'புரொம்ப்டன்' இவ்வகை வண்டிகளுட் புகழ்பெற்றது. 16 அங்குலச் சில்லுகளையுடைய அது, மடிந்தவழிப் பயணப்பெட்டியளவாய் ஒடுங்கும்.

சிறுசில்லைக் கண்டு நகைப்பாருமுளர். விரைவொன்றே வண்டிக்குச் சிறப்பன்று. நிலையத்துக்கும் பணிமனைக்கும் இடைப்பட்ட தூரத்தைக் கடப்பித்தபின், பிறர்க்குரிய இடத்தைக் கவராது ஒடுங்குதலும் சிறப்பேயாம்.

ஆயினும், அதன் விலை எளியோர்க்கு எட்டாதது. பொருளுடையார்க்கு மட்டும் வழி திறத்தல் நீதியாகாது. ஏனையோர் தம் வண்டிகளைக் களவுக்கஞ்சாது நிறுத்திச் செல்லுதற்கு நிலையந்தோறும் இடமமைத்தல் ஆள்வோர் கடனாகும்.