ஆக்கலும் காத்தலும்

படைக்கருவியைப் பிறரிடம் பெறலாம், மானவுணர்வைப் பெறவியலாது! வியத்துநாம் மக்கட்படையின் முதற் பெரும்பிரிவாகிய 308ஆம் காலாட்படைப் பிரிவு 28-8-1949இல் அமைந்தது. சீனம் அதற்குக் கருவி தந்தது. நெஞ்சுரத்தையோ அம்மண்ணே தந்தது. உழவர் மிதிவண்டியிலும் தோளிலும் சுமந்து சேர்த்த அரிசியை உண்டு, 1954இல் தியன் பியன் பூவில் பிற பிரிவுகளோடு 56 நாள் பொருது, பிரஞ்சு வல்லாண்மையை வீழ்த்திற்று.

தலைநகர் அனோயை ஏற்கப் புறப்படுமுன், 19-9-1954இல், தொல்வேந்தராகிய உங் மன்னரின் கோயிலில் அதன் மறவரைக் கூட்டி, முன்னோர் ஆக்கிய நாட்டைக் காப்பது நம் கடன் என்று அறிவுறுத்தினார் ஓ சி மின். 10-10-1954இல் அப்படை அனோயுட் புகுந்தது.

வெற்றிக் களிப்பினிடையே கடமையை நினைவூட்டிய அச்சொல், வாகையினும் பெரிது. நாட்டை மீட்பது ஒரு தலைமுறையின் வினை. காப்பதோ வழிவழி வரும் மக்கள் அனைவரின் கடன். உரிமை வேட்கும் இனத்தீர், உணர்மின்!