தரையைத் தொடும் நேரம்

2025 நவம்பர் 13 அன்று எங்கள் தெரு நண்பர் ஒருவர் போன் செய்தார். "என்ன சார், டிவி பாத்தீங்களா? நார்த்தாமலைகிட்ட ரோட்லயே பிளேன் இறங்கிடுச்சாம்" என்றார். குரலில் நடுக்கம். அவர் பேரன் வடக்கே ஒரு பயிற்சிப் பள்ளியில் விமானம் ஓட்டக் கற்றுக்கொள்கிறான். இது அவன் ஓட்டிய விமானம் இல்லை என்று தெரிந்தும் மனுஷனுக்கு மனசு ஆறவில்லை.

சேலத்திலிருந்து கிளம்பிய செஸ்னா பயிற்சி விமானம் அது. நடுவானில் கோளாறு. திருச்சி–புதுக்கோட்டை நெடுஞ்சாலையிலேயே இறக்கிவிட்டார்கள். விமானத்தின் முன்பகுதி சேதமானது. உள்ளே இருந்த இருவரும் பிழைத்தார்கள். எதிரே ஒரு பஸ் வந்திருந்தால் கதையே வேறு.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது இங்கே வழக்கமாக வாசிப்பவர்களுக்குத் தெரியும். விமானம் இறங்குவதைப் பிரெஞ்சில் 'அத்தெரிசாஜ்' என்பார்கள். உள்ளே இருக்கும் 'தேர்' என்ற சொல்லுக்கு மண் என்று பொருள். மண்ணுக்கு வந்து சேருவது. ஆபத்தும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. நம் விருத்தாசலம் பீங்கான் சூளையை நினைத்துக்கொள்ளுங்கள். நெருப்பில் நின்ற பாத்திரம் ஆறும்போது அவசரப்பட்டால் விரிசல் விடும். விமானமும் அப்படித்தான். மேலே ஆயிரக்கணக்கான அடி உயரத்தில் ஒரு தப்பு செய்தால் திருத்திக்கொள்ள நேரம் உண்டு. ஓடுதளத்துக்கு ஐம்பது அடி மேலே, மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் வரும்போது அந்த நேரம் கிடையாது.

இரண்டு சம்பவங்களைச் சொல்கிறேன். 2019 ஆகஸ்ட் 27, உத்தரப் பிரதேசம் அலிகர் அருகே தனிப்பூர் ஓடுதளம். இறங்க வந்த சிறிய விமானம் மின்கம்பியில் சிக்கி விழுந்து தீப்பிடித்தது. ஆறு பேரும் தப்பியது தெய்வச் செயல். 2023 ஜனவரி முதல் வாரம், மத்தியப் பிரதேசம் ரேவா. இரவு, பனிமூட்டம். தனியார் நிறுவனப் பயிற்சி விமானம் ஒன்று இறங்க வரும்போது கோயில் கோபுரத்திலும் மின்கம்பியிலும் மோதியது. கற்றுக்கொடுத்த விமானி இறந்தார். கற்றுக்கொண்ட பையன் காயத்தோடு பிழைத்தான்.

இரண்டிலும் மின்கம்பி இருக்கிறது, கவனித்தீர்களா?

நம் நாட்டில் கால அட்டவணை போட்டு, டிக்கெட் விற்று ஓடும் விமானம் இறங்க வேண்டுமானால் அந்த நிலையத்துக்கு உரிமம் வேண்டும். உரிமம் என்றால் தீயணைப்பு வண்டி, வேலி, தடைகள் நீக்கம் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். ஆனால் பயிற்சி விமானமும் தனியார் விமானமும் உரிமம் இல்லாத ஓடுதளத்தில்கூட, உடையவர் அனுமதித்தால், இறங்கலாம். டிக்கெட் வாங்கியவன் உயிருக்கு ஒரு கணக்கு, கற்றுக்கொள்ள வந்த பையன் உயிருக்கு வேறு கணக்கா? அனுபவசாலி இறங்கும் இடத்தில் ஆயிரம் பாதுகாப்பு. கற்றுக்குட்டி இறங்கும் இடத்தில் மாடு மேய்கிறது. தலைகீழாக அல்லவா இருக்கிறது!

இதைச் சொல்ல எனக்கு ஒரு தனிக் காரணமும் உண்டு. எழுத்தராக இருந்த காலத்தில் ஒரு மனு என் மேஜைக்கு வந்தது. வயல் வழியில் மின்கம்பி தொங்குகிறது, ஆவன செய்யவும் என்று ஒரு விவசாயி எழுதியிருந்தார். "இப்பொருள் இவ்வலுவலகத்தைச் சார்ந்ததன்று" என்று நான்தான் குறிப்பு எழுதித் திருப்பினேன். விதிப்படி சரிதான். நாலு மாதத்தில் அந்தக் கம்பியில் அவருடைய உழவு மாடு ஒன்று செத்தது. அவர் ஏரைப் பிடித்திருந்த கையை விட்டதால் பிழைத்தார். என்மேல் யாரும் ஒரு மெமோகூடக் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் இன்று இவ்வளவு உறுத்தாதோ என்னவோ.

சிறு ஓடுதளங்களைச் சுற்றியும் இதே கதைதான் நடக்கும் என்று அஞ்சுகிறேன். நிலம் ஒருவருடையது, கம்பி இன்னொருவருடையது, விமானம் மூன்றாமவருடையது, அனுமதி டெல்லியில். விபத்து நடந்தபின் விசாரிக்க விமான விபத்துப் புலனாய்வுப் பணியகம் இருக்கிறது. நடக்குமுன் கம்பியை அண்ணாந்து பார்க்க வேண்டியவர் யார்?

நமக்கு என்ன வந்தது என்று கேட்காதீர்கள். நெய்வேலி ஓடுதளம் இங்கிருந்து பஸ்ஸில் போகும் தூரம்தான். நிலக்கரி நிறுவனம் அமைத்தது. ஒரு காலத்தில் வாயுதூத்தின் டோர்னியர் அங்கே வந்து போனது. 2017ல் உடான் திட்டப் பட்டியலில் பெயர் வந்தது. அது மறுபடி உயிர் பெற வேண்டும் என்பது என் ஆசையும்கூட. உளுந்தூர்ப்பேட்டையிலோ இரண்டாம் உலகப்போர்க் கால ஓடுதளம் சும்மா கிடக்கிறது. நாளை இங்கெல்லாம் நம் பிள்ளைகளே கற்க வரலாம்.

கட்டுப்பாடு அதிகமானால் படிப்புச் செலவு ஏறும், ஏழைப் பிள்ளைக்கு எட்டாது என்பார்கள். நியாயமான கேள்வி. வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் பறக்க வேண்டும். இப்போதே குடும்பங்கள் நிலத்தை விற்கின்றன. நான் கோபுரமும் ராடாரும் கேட்கவில்லை. பிரான்சில் சின்னச் சின்ன விமான மன்றங்களின் தளங்கள் பலவற்றில் கட்டுப்பாட்டுக் கோபுரமே கிடையாது. விமானிகள் ரேடியோவில் தாங்களே தங்கள் இருப்பிடத்தை அறிவித்துக்கொண்டு ஒழுங்காக இறங்குகிறார்கள்.

நான் கேட்பது கொஞ்சம்தான். இறங்கும் பாதையில் உள்ள மின்கம்பி நிலத்துக்கு அடியில் போகட்டும். ஒரு வேலி, காற்றின் திசை காட்டும் துணிப்பை, ஒரு தீயணைப்பு வண்டி. பனி கவிந்தால் "இன்று பறக்க வேண்டாம்" என்று சொல்லும் அதிகாரத்தோடு ஒரே ஒரு ஆள். அவர் பெயரும் போன் நம்பரும் வாசலில் பலகையில் இருக்கட்டும். இதற்கு ஆகும் செலவு, உடைந்த ஒரு விமானத்தின் விலையைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

நண்பரின் பேரன் பறக்கும் நாளெல்லாம் தாத்தாவுக்கு வாட்ஸ்அப்பில் "இறங்கிட்டேன்" என்று ஒரே வார்த்தை அனுப்புவான். அது வரும்வரை அவர் சாப்பிட உட்கார மாட்டார். சாப்பாட்டு நேரத்தில் நான் போன் செய்தால் அந்த அம்மாள்தான் எடுப்பார். "இன்னும் வரலீங்க" என்பார். எனக்குப் புரிந்துவிடும்.