பழைய டெஸ்க்டாப்புக்குப் புதிய கிராஃபிக்ஸ் கார்டு: காசைப் போடலாமா, வேண்டாமா?

தேக்காவில் ரொட்டி சாப்பிட்டுவிட்டு ரோச்சோர் பக்கமாக நடந்தால் பத்து நிமிடத்தில் சிம் லிம் ஸ்குவேர். அங்கே மேல்தளங்களில் உள்ள கணினிக் கடைகளில் ஒரு காட்சி மட்டும் மாறவே இல்லை. பொடி எழுத்தில் அச்சடித்த விலைப்பட்டியல் ஒரு கையில், இணைய விலை காட்டும் கைப்பேசி இன்னொரு கையில் என்று இளையர்கள் நிற்பார்கள். தேசிய சேவைச் சம்பளத்தில் மிச்சம் பிடித்தவர்கள், பகுதிநேர வேலைக் காசோடு வந்தவர்கள்.

அவர்களில் பாதிப் பேருடைய கேள்வி இதுதான்: "ஏழெட்டு வருஷ டெஸ்க்டாப். கிராஃபிக்ஸ் கார்டை மட்டும் மாத்தினா போதுமா?"

ஈராண்டுக்கு முன்னால் கேட்டிருந்தால் நான் யோசிக்காமல் பதில் சொல்லியிருப்பேன். பழசுக்குள் காசைக் கொட்டாதீங்க, கொஞ்சம் பொறுத்துப் புதுசா ஒன்று பூட்டிக்கொள்ளுங்க என்று. இன்றைக்கு அந்தப் பதில் அவ்வளவு சரியில்லை.

கணக்கு ஏன் மாறியது?

புதிய கணினி பூட்டுவது என்றால் கார்டோடு முடியாது. புதிய செயலி வேண்டும், அதற்கேற்ற மதர்போர்டு வேண்டும், அந்த மதர்போர்டுக்கு டிடிஆர்5 நினைவகம் வேண்டும். சிக்கல் அந்தக் கடைசிப் பொருளில்தான். 2025-இன் கடைசி மாதங்களில் ரேம் விலை கிடுகிடுவென ஏறியது. சில மாதங்களுக்குள் இரண்டு மடங்கையும் தாண்டியது.

உலகில் நினைவகச் சில்லுகளைப் பெரிய அளவில் தயாரிப்பவை மூன்றே நிறுவனங்கள்: சாம்சுங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான். செயற்கை நுண்ணறிவுத் தரவு நிலையங்களுக்குத் தேவையான அதிவேக நினைவகத்தையும் அவைதான் செய்கின்றன. ஆலை ஒன்றுதான், வாடிக்கையாளர் இரண்டு வகை. ஒருவர் ஒரே தடவையில் கப்பல் கணக்கில் வாங்குகிறார். இன்னொருவர் நம்மைப் போல் இரண்டு துண்டு ரேம் வாங்குகிறார். ஆலை யார் பக்கம் சாயும் என்று சொல்லவேண்டியதில்லை. 2025 டிசம்பரில் மைக்ரான் ஒரு படி மேலே போய், 'குரூஷியல்' என்ற பெயரில் நம்மைப் போன்றவர்களுக்கு ரேம் விற்கும் தொழிலையே நிறுத்தப்போவதாக அறிவித்துவிட்டது.

கிராஃபிக்ஸ் கார்டிலும் இதே கதைதான். என்விடியாவின் 2025 நிதியாண்டு வருமானம் 130.5 பில்லியன் அமெரிக்க டாலர். அதில் தரவு நிலையங்களிலிருந்து வந்தது 115.2 பில்லியன். விளையாட்டுக் கார்டுகளிலிருந்து வந்தது ஏறக்குறைய 11.4 பில்லியன். நூறு டாலரில் ஒன்பது டாலர்கூட இல்லை. ஒரு காலத்தில் அந்த நிறுவனத்தை வளர்த்துவிட்டதே விளையாட்டுப் பிரியர்கள்தான்!

இன்னொரு வேடிக்கை. அதே நிதியாண்டில் என்விடியா வருமானத்தில் 18 விழுக்காட்டுக்கான ரசீது சிங்கப்பூர் முகவரியில் போடப்பட்டது. உண்மையில் சிங்கப்பூருக்கு வந்திறங்கிய சரக்கு 2 விழுக்காட்டுக்கும் குறைவு. ரசீது இங்கே, சரக்கு வேறெங்கோ. அதனால் "சிங்கப்பூர்லதான் இவ்வளவு விற்குதே, விலை குறையாதா?" என்று கேட்டால், குறையாது.

ஆகவே ரேம் விலை இறங்கும்வரை, கையில் இருக்கும் டிடிஆர்4 கணினியை வைத்துக்கொண்டு கார்டை மட்டும் மாற்றுவது மீண்டும் புத்திசாலித்தனமான வழியாகியிருக்கிறது. ஆனால் எல்லாக் கணினிக்கும் இல்லை.

கடைக்குப் போகும் முன் பெட்டியைத் திறங்க

இதை நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. என் வீட்டு டெஸ்க்டாப் 2017-இல் பூட்டியது. இன்டெல்லின் 7ஆம் தலைமுறை ஐ5 செயலி, ஜிடிஎக்ஸ் 1060 கார்டு. சென்ற ஆண்டு ஒருவரிடம் பயன்படுத்திய ஆர்டிஎக்ஸ் 3060 கார்டை வாங்கிக்கொண்டு இரவு பத்து மணிக்கு வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தேன். கார்டுக்கு 8 முள் மின்கம்பி தேவை. என்னுடைய பவர் சப்ளையில் இருந்தது ஒரே ஒரு 6 முள் கம்பி. விற்றவர் மேல் தப்பில்லை. நான்தான் பார்க்கவில்லை. அம்மா எட்டிப்பார்த்து, "இதுக்கா இவ்வளவு அவசரமா ஓடுன?" என்றார்.

மதர்போர்டில் கார்டைச் செருகும் துளை அதிகபட்சம் 75 வாட் மின்சாரம் கொடுக்கும். 6 முள் கம்பி இன்னொரு 75 வாட், 8 முள் கம்பி 150 வாட். பழைய ஜிடிஎக்ஸ் 1060 கேட்பது 120 வாட். ஆர்டிஎக்ஸ் 3060 கேட்பது 170 வாட், அதோடு 550 வாட் பவர் சப்ளை இருக்கட்டும் என்று என்விடியா பரிந்துரைக்கிறது. மாற்றுக்கம்பி மலிவாகக் கிடைக்கிறது என்று பழைய, பெயர் தெரியாத பவர் சப்ளையில் மாட்டாதீர்கள். எட்டு வருடம் ஓடிய பவர் சப்ளையை மாற்றும் செலவையும் பட்ஜெட்டில் சேர்த்துவிடுங்கள்.

அலுவலகத்திலிருந்து கழித்துவிட்ட ஒல்லி டெஸ்க்டாப் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்கவேண்டும். அதில் பவர் சப்ளை பெரும்பாலும் அந்த நிறுவனத்துக்கே உரிய வடிவில் இருக்கும், கடையில் விற்பது பொருந்தாது. உயரமான கார்டும் நுழையாது. அப்படிப்பட்ட பெட்டிக்குத் துளையிலிருந்து வரும் மின்சாரமே போதுமான, உயரம் குறைந்த கார்டுதான் வழி. 2024-இல் வந்த 6 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3050 அந்த வகை. 70 வாட்தான் கேட்கும்.

அடுத்தது செயலி. ரொட்டிக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். ஆர்டர் எடுப்பவர் செயலி, ரொட்டி போடும் மாஸ்டர் கிராஃபிக்ஸ் கார்டு. எவ்வளவு கைவேகமான மாஸ்டரை வைத்தாலும், ஆர்டர் மெதுவாக வந்தால் அவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கத்தான் வேண்டும். என் ஐ5-இல் நான்கே கோர். 3060 போட்ட பிறகு தனியாக விளையாடும் கதை விளையாட்டுகள் அருமையாக ஓடின. நிறையப் பேர் சேர்ந்து ஆடும் விளையாட்டுகளில் படம் இன்னமும் அவ்வப்போது திக்கித் திக்கித்தான் வருகிறது. அதற்குக் கார்டு பொறுப்பில்லை.

"பழசே ஓடுதே, எதுக்கு மாத்தணும்?"

நியாயமான கேள்வி. சில வருடம் முன்புவரை பழைய கார்டு என்றால் படத்தரத்தைக் குறைத்துக்கொண்டு ஆடலாம், அவ்வளவுதான். இப்போது சில கதவுகள் மூடியே விட்டன. 2024 டிசம்பரில் வந்த 'இண்டியானா ஜோன்ஸ் அண்ட் தி கிரேட் சர்க்கிள்', 2025 மே மாதம் வந்த 'டூம்: தி டார்க் ஏஜஸ்' ஆகிய இரண்டும் ரே டிரேசிங் வசதியை வன்பொருளிலேயே கொண்ட கார்டு இல்லாமல் ஓடாது. ஜிடிஎக்ஸ் 1060, 1080 எல்லாம் அங்கே வாசலோடு சரி. அதோடு, ஜிடிஎக்ஸ் 10 வரிசைக்குப் புதிய விளையாட்டுகளுக்கான டிரைவர் தருவதை என்விடியா 2025 அக்டோபருடன் நிறுத்திவிட்டது. 2028 அக்டோபர்வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வரும்.

கார்டு மாற்றினாலும் தீராத ஒன்று

இதைக் கடையில் யாரும் உங்களிடம் சொல்ல வாய்ப்பு குறைவு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதி முடிந்தது. தனிநபர்களுக்கான நீட்டிப்புத் திட்டத்தில் சேர்ந்தால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தம் கிடைக்கும். அதன்பிறகு விண்டோஸ் 11-க்குப் போகவேண்டும். அதற்கு டிபிஎம் 2.0 வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக 8ஆம் தலைமுறைச் செயலியாவது வேண்டும். என்னுடையது 7ஆம் தலைமுறை. ஒரே ஒரு தலைமுறையில் போச்சு.

விளையாட்டு நிறுவனங்களும் இந்தப் பக்கமே போகின்றன. விண்டோஸ் 11-இல் 'வேலரண்ட்' ஆட டிபிஎம் 2.0-உம் செக்யூர் பூட்டும் இயங்கவேண்டும். 2025 அக்டோபரில் வந்த 'பேட்டில்ஃபீல்ட் 6' செக்யூர் பூட் இல்லாமல் உள்ளே விடாது. இவை மதர்போர்டு சம்பந்தப்பட்ட விஷயம். எவ்வளவு விலை உயர்ந்த கார்டு வாங்கினாலும் இதைத் தீர்க்காது. (பல கணினிகளில் இவை இருக்கும், ஆனால் அணைக்கப்பட்டிருக்கும். பயோஸுக்குள் போய்ப் பாருங்கள்.)

என் கருத்து இதுதான். 8ஆம் தலைமுறை இன்டெல், ரைசன் 2000 அல்லது அதற்குப் பிந்தைய செயலி இருந்தால் கார்டில் காசு போடுங்கள். அதற்கும் பழசு என்றால், கையைக் கடிக்காத தொகைக்கு மட்டும், பின்னால் புதுக் கணினிக்கு எடுத்துப் போகக்கூடிய கார்டாகப் பாருங்கள்.

புதுசு என்றால் எது?

விளம்பரத்தில் வேகம் மட்டும் தெரியும். பழைய கணினிக்கு முக்கியமான எண் வேறு: கார்டு மதர்போர்டோடு பேசும் பாதைகளின் எண்ணிக்கை. 2022-இல் வந்த ஏஎம்டி ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி நல்ல பாடம். நான்கே பாதை, 4 ஜிபி நினைவகம். புதிய மதர்போர்டில் சுமாராக ஓடியது. பிசிஐஇ 3.0 உள்ள பழைய மதர்போர்டில் பல விளையாட்டுகளில் வேகம் வெகுவாகச் சரிந்தது. மலிவான கார்டு பழைய கணினிக்குத்தான் போகும். அங்கேதான் அது மோசமாக ஓடியது!

2025 மே மாதம் 299 அமெரிக்க டாலருக்கு அறிமுகமான ஆர்டிஎக்ஸ் 5060-இல் எட்டுப் பாதை, 8 ஜிபி. அந்த 8 ஜிபி நிரம்பாதவரை பழைய மதர்போர்டிலும் பரவாயில்லை. நிரம்பினால் தடுமாறும். அடுத்த மாதம் வந்த ஏஎம்டி ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி பதினாறு பாதையும் கொண்டது. 16 ஜிபி வகையின் அறிமுக விலை 349 டாலர். பழைய பெட்டிக்கு எனக்கு அதுதான் மேலாகத் தெரிகிறது. இன்டெல் ஆர்க் பி580 249 டாலரில் 12 ஜிபி தந்து ஆசை காட்டும். ஆனால் ரீசைசபிள் பார் என்ற வசதி இல்லாத கணினியில் அதன் வேகம் பெரிதும் குறையும், பழைய செயலியோடும் ஒத்துப்போகாது. எட்டு வருடப் பெட்டிக்கு வேண்டாம்.

இவையெல்லாம் அமெரிக்க அறிமுக விலை. இங்கே 9 விழுக்காடு பொருள் சேவை வரி சேரும். "ஜொகூர் பாருவில் வாங்கிட்டு வந்துடலாமே" என்பவர்களுக்கு: 48 மணி நேரத்துக்குள் திரும்பினால் 100 வெள்ளி மதிப்புவரைதான் வரிச்சலுகை. அதற்கு மேற்பட்ட தொகைக்குச் சோதனைச்சாவடியில் வரி கட்டவேண்டும்.

பயன்படுத்திய கார்டு: யார் உங்களுக்குப் பொறுப்பு?

2022 செப்டம்பர் 15-இல் இத்தீரியம் நாணயம் தன் முறையை மாற்றியபோது, கார்டுகளை வரிசையாக அடுக்கி நாணயம் 'தோண்டியவர்கள்' அவற்றை மொத்தமாக விற்கத் தொடங்கினார்கள். அப்படி உழைத்த கார்டுகள் இன்னும் சந்தையில் சுற்றுகின்றன. அதனாலேயே அவை கெட்டவை என்று சொல்லமுடியாது. விசிறியும் சில்லுக்கு மேல் தடவிய பசையும் தேய்ந்திருக்கும், இரண்டையும் மாற்றிக்கொள்ளலாம்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதுதான் பெரிய வித்தியாசம். 2012 செப்டம்பர் முதல் நடப்பில் உள்ள 'லெமன் சட்டம்' பயன்படுத்திய பொருளுக்கும் பொருந்தும். கடையில் வாங்கி ஆறு மாதத்துக்குள் கோளாறு தெரிந்தால், அது வாங்கும்போதே இருந்தது என்றே பொதுவாகக் கருதப்படும். இல்லை என்று நிரூபிப்பது கடைக்காரர் வேலை. ஆனால் கரோசலில் ஒரு தனிநபரிடம் வாங்கி, எம்ஆர்டி நிலையத்தில் பணத்தைக் கொடுத்துப் பொருளை வாங்கினால் இந்தச் சட்டம் உங்களுக்குத் துணை வராது. அந்தப் பாதுகாப்புக்கான விலைதான் கடையில் கூடுதலாகக் கேட்கும் தொகை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2014-இல் சிம் லிம் ஸ்குவேரில் ஒரு வெளிநாட்டுப் பயணி தன் பணத்தைத் திருப்பிக் கேட்டு மண்டியிட்ட காணொளி பலருக்கு நினைவிருக்கும். அந்தக் கைப்பேசிக் கடையின் உரிமையாளர் பின்னர் சிறைக்குப் போனார். மேல்தளக் கணினிக் கடைகளுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்றாலும் பெயர் மொத்தமாகக் கெட்டது. இன்றும் நான் செய்வது: ரசீதில் கார்டின் முழுப் பெயர், வரிசை எண், உத்தரவாதக் காலம் மூன்றையும் எழுதி வாங்காமல் காசை நீட்டுவதில்லை.

தனிநபரிடம்தான் வாங்குகிறீர்கள் என்றால் எம்ஆர்டி நிலையம் வேண்டாம். அவர் வீட்டில், அவர் கணினியில், கண்முன் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் போலிக் கார்டுகளில் பலவற்றைக் காட்டிக்கொடுக்கும். பழைய சில்லுக்குப் புதிய பெயரை ஏற்றி விற்கும் வேலை உண்டு. பிறகு ஒரு கனமான விளையாட்டைப் பதினைந்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். தேநீர் குடிக்கும் நேரம்தான். படத்தில் புள்ளியும் கோடும் வந்தால் எழுந்து வந்துவிடலாம்.

கழற்றிய கார்டு?

சிங்கப்பூரில் ஆண்டுக்கு ஏறக்குறைய 60,000 டன் மின்னியல் கழிவு சேர்கிறது. 2035-வாக்கில் நிரம்பிவிடும் என்று எதிர்பார்க்கப்படும் செமாக்காவ் குப்பை நிலத்தில் அதற்கு இடமில்லை. 2021 ஜூலையிலிருந்து கணினி போன்ற மின்னியல் பொருள்களைத் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள் ஏற்கும் திட்டம் நடப்பில் உள்ளது. கடைத்தொகுதிகளிலும் சமூக மன்றங்களிலும் தொட்டிகள் இருக்கின்றன, எவற்றைப் போடலாம் என்று மேலேயே எழுதியிருக்கும்.

ஆனால் வேலை செய்கிற கார்டைத் தொட்டியில் போட எனக்கு மனம் வரவில்லை. என் 1060 இப்போது உறவுக்காரப் பையன் ஒருவனுடைய டெஸ்க்டாப்பில் இருக்கிறது. அவனுக்கு மைன்கிராஃப்ட் ஓடினால் போதும். இந்த முறை வாங்கிக்கொண்டு போவதற்கு முன் அவனே பெட்டியைத் திறந்து, மின்கம்பியைப் படம் எடுத்து அனுப்பினான்.