குடும்பத்தோடு ஆடுவோமே!



கோல்ஃப் விளையாட்டைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் என் மனைவியே சிரித்துவிட்டாள். "சங்கப் பத்திரிகையில் பொங்கல் விழா கணக்கும் கல்யாணச் செய்தியும் படிக்கிறவர்களுக்குக் கோல்ஃப் எதற்குங்க?" என்றாள். நியாயமான கேள்விதான். ஓராண்டுக்கு முன்பு வரை நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன்.

என் மகன் இங்கே ஒரு கம்பெனியில் நல்ல வேலையில் இருக்கிறான். ஞாயிறுதோறும் விடியுமுன் கோல்ஃப் பையைக் காரில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவான். திரும்பும்போது மணி பன்னிரண்டாகிவிடும். பிறகு சாப்பாடு, தூக்கம். ஒரு ஞாயிறு காலை என் ஒன்பது வயதுப் பேத்தி கேட்டாள்: "தாத்தா, அப்பாவுக்கு ஞாயிற்றுக்கிழமை கூட ஆபீஸா?"

என்னை அது சுருக்கென்று தைத்தது. முப்பது ஆண்டுகளுக்கு முன் என் மகன் தன் அம்மாவிடம் கேட்ட அதே கேள்வி அது.

டிப்ளமா முடித்து 1982-இல் தென் மத்திய ரயில்வேயில் பாதைப் பராமரிப்புப் பிரிவில் சேர்ந்தவன் நான். ஞாயிற்றுக்கிழமை வண்டிகள் குறைவு என்று தண்டவாளம் மாற்ற அன்றைக்குத்தான் பிளாக் கொடுப்பார்கள். ஊரெல்லாம் விடுமுறையில் இருக்க, நாங்கள் கேங்மேன்களோடு வெயிலில் நிற்போம். 2019-இல் ஓய்வு பெறும்வரை எத்தனை ஞாயிறு வீட்டில் இருந்தேன் என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். என்னுடையது பிழைப்பு, மகனுடையது விளையாட்டு. ஆனால் குழந்தைக்கு இரண்டும் ஒன்றுதான்: அப்பா வீட்டில் இல்லை.

அன்றிரவு மகனிடம் சொன்னேன்: "நீ ஆடுவதை விடவேண்டாம். எங்களையும் கூட்டிக்கொண்டு போ."

எனக்கு உள்ளூரத் தயக்கம்தான். கோல்ஃப் வெள்ளைக்காரன் கொண்டுவந்த விளையாட்டு. கல்கத்தாவில் 1829-லேயே கிளப் ஆரம்பித்துவிட்டார்கள். நம் கொடைக்கானலில் 1895-இல் தொடங்கினார்கள். சென்னையில் கிண்டி குதிரைப் பந்தயத் திடலின் உள்வட்டத்திலேயே ஆடினார்கள். துரைகள் ஆடினார்கள், நம்மவர்கள் பை சுமந்தார்கள். அப்படிப் பை சுமந்தவர்களில் சிலர் பின்னாளில் ஆடியும் காட்டினார்கள். டில்லியில் கேடியாக இருந்த அலி ஷேர் 1991-இல் இந்தியன் ஓப்பன் பட்டத்தை வென்றார். பெங்களூரில் கேடியாக இருந்த முனியப்பா 2009-இல் அதே பட்டத்தை வென்றார். பணக்காரர் விளையாட்டு என்று நாம் ஒதுக்கிவைத்ததை ஏழை வீட்டுப் பிள்ளைகள் ஒதுக்கவில்லை.

ஒரு ஞாயிறு நால்வரும் பேத்தியோடு பந்தடித்துப் பழகும் ரேஞ்சுக்குப் போனோம். முதல் நாள் நான் வீசிய வீச்சில் புல் பறந்தது, பந்து அசையவில்லை. என் மருமகளுக்கு இரண்டாம் வாரமே நேராகப் போக ஆரம்பித்துவிட்டது. ஆச்சரியம் என் மனைவிதான். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, குழியருகே பந்தை மெல்லத் தட்டும் பட்டர் மட்டையை வாங்கினாள். கேரம் ஆடிய கை அல்லவா? முதல் பத்தில் நான்கு பந்து குழிக்குள் விழுந்தன. குழியின் அகலம் 108 மில்லிமீட்டர், பந்து சுமார் 43 மில்லிமீட்டர். ஆயுசு முழுக்க கேஜ் வைத்து அளவு பார்த்த எனக்கு இரண்டுகூட விழவில்லை!

குடும்பமாக ஆட இந்த விளையாட்டு ஏற்றது என்று நான் சொல்வதற்கு மூன்று காரணங்கள் உண்டு.

முதலாவது, ஹேண்டிகேப் என்ற ஏற்பாடு. ஆடுபவரின் திறமைக்கேற்ப மொத்த அடிகளிலிருந்து கழித்துக்கொள்ளும் எண் அது. 2020-இல் வந்த உலகப் பொதுமுறைப்படி 54 வரை கழிவு கிடைக்கும். உதாரணமாக, அப்பா 92 அடித்து 18 கழித்தால் 74. மகள் 124 அடித்து 54 கழித்தால் 70. மகளே வெற்றி! கிரிக்கெட்டில் குழந்தைக்காக அப்பா வேண்டுமென்றே அவுட் ஆகவேண்டும். இங்கே யாரும் யாருக்கும் விட்டுக்கொடுக்கவேண்டாம்.

இரண்டாவது, நடுவர் கூடவே வருவதில்லை. நம் தவறை நாமேதான் சொல்லவேண்டும். ஒருநாள் பேத்தி ஓங்கி வீசியது பந்தில் படவில்லை. "பரவாயில்லைம்மா, அதை எண்ணவேண்டாம்" என்றான் மகன். "அடிக்கத்தானே வீசினேன்? அதுவும் கணக்குதான்ப்பா" என்று ஒன்றைச் சேர்த்து எழுதிக்கொண்டாள். விதியும் அதுதான். எத்தனை நீதிபோதனை வகுப்பு நடத்தினால் இது வரும்?

மூன்றாவது, நடை. 18 குழி ஆட நான்கு மணி நேரம் ஆகிறது. ஆறேழு கிலோமீட்டர் நடக்கவேண்டும். அதில் பந்தை அடிக்கும் நேரம் கொஞ்சம்தான், மீதி முழுதும் பேச்சுத்தான். தண்டவாளத்தில் கேங்மேன்களோடு நடந்த தூரத்தில் நூறில் ஒரு பங்குகூட நான் என் மகனோடு நடந்ததில்லை. சில மாதங்களுக்கு முன் அப்படி நடக்கும்போது அவனிடம் கேட்டேவிட்டேன்: "டோர்ணக்கல்லில் இருந்தபோது ஞாயிற்றுக்கிழமை நான் வராததில் உனக்குக் கோபமா?"

கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தான். "கோபமில்லைப்பா. பேட்டை எடுத்துக்கொண்டு ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். நீங்கள் டிராலியில் வந்து இறங்கி, குளித்து, தூங்கிவிடுவீர்கள். அப்பா என்றால் அப்படித்தான் இருப்பார் போல என்று நினைத்துக்கொண்டேன்."

கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். நான் ஒன்றும் சொல்லிக் கொடுக்காமலே அவன் கற்றுக்கொண்ட பாடம் அது. அதைத்தான் அவன் தன் வீட்டிலும் நடத்திக்கொண்டிருந்தான். வீட்டில் நாற்பது ஆண்டு ஒரே கூரையின் கீழ் இருந்தும் வராத பேச்சு, அந்தப் புல்தரையில் வந்தது.

அதிதி அசோக்கின் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். பெங்களூரில் அவர்கள் குடும்பம் காலைப் பலகாரம் சாப்பிடப் போகும் உணவகத்திலிருந்து கோல்ஃப் மைதானம் தெரியுமாம். ஐந்து வயதுக் குழந்தை உள்ளே போகலாமா என்று கேட்க, அப்பாவும் மகளுமாகச் சேர்ந்து கற்கத் தொடங்கினார்கள். 2016 ரியோ ஒலிம்பிக்கில் பை சுமந்தவர் அப்பா. 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் பை சுமந்தவர் அம்மா. ஒரே ஒரு அடியில் பதக்கம் தவறி நான்காமிடம் வந்தார். எல்லாக் குழந்தையும் அதிதி ஆகாது, ஆகவும் வேண்டாம். நம் ஊரில் எதையெடுத்தாலும் கோச்சிங் வகுப்பாக்கிவிடும் வியாதி இருக்கிறதே, அது இதிலும் தொற்றவேண்டாம் என்பதே என் கவலை. நான் சொல்ல வந்தது சேர்ந்து கற்றார்களே, அதை.

மறுப்புகளும் உண்டு, மறைக்கவில்லை. கிளப் உறுப்பினர் கட்டணம் நம்மில் பெரும்பாலோருக்குக் கட்டாது. கிருஷ்ணாவிலிருந்தும் கோதாவரியிலிருந்தும் குடிநீர் கொண்டுவரும் ஊரில் புல்லுக்கு நல்ல தண்ணீர் விடுவது தகாது, சுத்திகரித்த கழிவுநீரே போதும். கோல்கொண்டாவில் நயா கிலா மதிலுக்குள், நம் பக்கம் ஆனைப்புளி என்று சொல்லும் அந்தப் பிரம்மாண்டமான மரத்தைச் சுற்றிய பகுதியில் கோல்ஃப் ஆடுவதைச் சரித்திர ஆர்வலர்கள் எதிர்ப்பதிலும் நியாயம் இருக்கிறது. கிளப்புகளும் திருந்தவேண்டும். கோல்ஃபின் தாய்வீடான செயின்ட் ஆண்ட்ரூஸ் கிளப் பெண்களைச் சேர்த்துக்கொள்ள முடிவு செய்ததே 2014-இல்தான். நம்மூரிலும் ஒரு கிளப்பில் ஞாயிறு காலை சிறுவர்களுக்கு இடமில்லை என்று எங்களைத் திருப்பி அனுப்பினார்கள். அப்பாக்களுக்கு ஓய்வு கிடைக்கும் ஒரே காலையில் பிள்ளைகளுக்குக் கதவடைப்பது என்ன முறை?

எனவே என் தாழ்மையான யோசனைகள் இரண்டு. கோல்ஃப் ஆடும் நம் இளைஞர்கள் மாதத்தில் இரண்டு ஞாயிறாவது குடும்பத்தோடு போகட்டும். உறுப்பினர் அல்லாதவர்களை அனுமதிக்கும் ரேஞ்சுகளில் ஒரு கூடைப் பந்தை ஐந்து பேர் பகிர்ந்து அடிக்கலாம். அடுத்து, நம் சங்கம் ஆண்டுக்கொருமுறை குடும்ப விளையாட்டு நாள் நடத்தட்டும். அதில் கோல்ஃப் மட்டையோடு கிட்டிப்புள்ளும் இருக்கட்டும். அதுவும் கோலால் அடித்துத் தூரம் அளக்கும் ஆட்டம்தானே? ஊரிலிருந்து வந்து அடுக்குமாடி வீட்டில் டி.வி. முன் உட்கார்ந்திருக்கும் தாத்தாக்களே அதைக் கற்றுத் தரலாம். பேரப்பிள்ளைகளுக்கு நாலு தமிழ்ச் சொல்லும் தானாக வரும்.

மட்டை எதுவானாலும் சரி, மைதானம் எதுவானாலும் சரி. ஸ்டேஷன் பெஞ்சில் பேட்டோடு ஒரு பையன் காத்திருக்கக்கூடாது. என் மகன் காத்திருந்தான். என் பேத்தி இப்போது காத்திருப்பதில்லை. ஞாயிறு விடியுமுன் அவள்தான் எங்கள் எல்லோரையும் எழுப்புகிறாள்.